‘எல்லாம் தெரியும், டைம்தான் பத்தல!’ - இங்கிலீஷ் தேர்வின் 180 நிமிடங்களைப் பங்கு போடுவது எப்படி?

ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் தேர்வு முடிந்த மதியம், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பல வீடுகளில் கேட்கும் பேச்சு ஒன்றுதான். ‘எப்படிடா எழுதின?’ என்று அம்மா கேட்பார். ‘எல்லாமே தெரிஞ்ச கொஸ்டீன்தாம்மா. டைம்தான் பத்தல. கடைசி ரெண்டு கேள்வி விட்டுட்டேன்’ என்று பதில் வரும்.

சாக்கு சொல்கிறான் என்று சில வீடுகளில் திட்டு விழும். ஆனால், இதில் உண்மை இருக்கிறது. படித்ததையெல்லாம் தாளில் இறக்கிவைக்க 3 மணி நேரம்தான். அந்த நேரத்தை எந்தக் கேள்விக்கு எவ்வளவு கொடுப்பது, எதை முதலில் எழுதுவது, எதைப் பிறகு எழுதுவது என்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் தேர்வு அறைக்குள் போன பிறகுதான் யோசிக்கிறார்கள். அப்போது கை நடுங்கும். கடிகாரமும் வேகமாக ஓடுவதுபோல இருக்கும்.

தமிழோ கணக்கோ என்றால் வீட்டில் யாராவது உதவ முடியும். இங்கிலீஷ் என்றதும் ‘எனக்கு அது வராதே’ என்று ஒதுங்கிவிடும் பெற்றோர் வடசென்னையில் நிறைய. ஆனால், நேரத்தைத் திட்டமிட இங்கிலீஷ் தெரிந்திருக்கத் தேவையில்லை. கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும்.

தாளில் என்ன இருக்கிறது?

முன்பு பத்தாம் வகுப்பு இங்கிலீஷுக்கு முதல் தாள், இரண்டாம் தாள் என்று இரண்டு தேர்வுகள் இருந்தன. 2019-20 கல்வியாண்டிலிருந்து அது ஒரே தாளாக மாறியது. தேர்வு நேரமும் இரண்டரை மணியிலிருந்து 3 மணியாக உயர்ந்தது. கொரோனாவால் 2020-லும் 2021-லும் பொதுத் தேர்வு நடக்கவில்லை. அதனால், இந்த ஒரே தாளைப் பொதுத் தேர்வில் உட்கார்ந்து எழுதிய முதல் பிள்ளைகள் 2022 மே மாதத்தில் தேர்வு எழுதியவர்கள்தான்.

அண்ணன், அக்கா பழைய முறையில் எழுதியிருந்தால் அவர்கள் சொல்லும் நேரக் கணக்கு இன்றைக்கு அப்படியே பொருந்தாது. தாளுக்கு 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. நான்கு பகுதிகளாக இருக்கும்:

• பகுதி 1: ஒரு மார்க் கேள்விகள் 14. மொத்தம் 14 மதிப்பெண். எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும்.

• பகுதி 2: இரண்டு மார்க் கேள்விகள். உரைநடையில் 3, செய்யுளில் 3, இலக்கணத்தில் 3, வழி சொல்லும் ‘ரோடு மேப்’ கேள்வி 1. மொத்தம் 20 மதிப்பெண். ரோடு மேப் (28-வது கேள்வி) கட்டாயம்.

• பகுதி 3: ஐந்து மார்க் கேள்விகள். உரைநடைப் பத்தி 2, செய்யுள் 2, துணைப்பாடம் 1, விளம்பரம், கடிதம், நோட்டீஸ் போன்ற எழுத்துத்திறன் கேள்விகள் 4, மனப்பாடச் செய்யுள் 1. மொத்தம் 50 மதிப்பெண். மனப்பாடச் செய்யுள் (45-வது கேள்வி) கட்டாயம்.

• பகுதி 4: எட்டு மார்க் கேள்விகள் 2. துணைப்பாடக் கதையைக் குறிப்புகளைக்கொண்டு விரித்து எழுதுவது ஒன்று. கொடுக்கப்பட்ட பகுதியைப் படித்துப் பதில் எழுதுவது இன்னொன்று. மொத்தம் 16 மதிப்பெண்.

பாதித் தாள், அதாவது 50 மதிப்பெண், பகுதி 3-ல் மட்டும் இருக்கிறது. அது தாளின் நடுவில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் 16 மதிப்பெண் கொண்ட பகுதி 4 வருகிறது. வரிசையாக எழுதிக்கொண்டே போகும் பிள்ளை பகுதி 3-ல் நேரத்தைக் கரைத்துவிட்டால், பலியாவது பகுதி 4. ‘கடைசி ரெண்டு கேள்வி விட்டுட்டேன்’ என்ற வாக்கியம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

விட்ட கேள்வியின் விலை

ஒரு மாணவி நான்கு பத்திகளை அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், கோடு போட்டு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 9 நிமிடத்துக்குப் பதிலாக 15 நிமிடம் எடுக்கிறாள். கூடுதலாகப் போனது 24 நிமிடம். அந்த உழைப்பால் பத்திக்கு அரை மதிப்பெண் கூடினாலும் வரவு 2 மதிப்பெண்.

அந்த 24 நிமிடம் இருந்திருந்தால் 8 மார்க் கேள்வி ஒன்றை முழுதாக எழுதி, இன்னொரு 5 மார்க் கேள்வியையும் முடித்திருக்கலாம். இரண்டும் சேர்த்து 13 மதிப்பெண் மதிப்புள்ள கேள்விகள். பாதிதான் கிடைக்கும் என்றாலும் 6 வந்திருக்கும். 2 மதிப்பெண்ணுக்காக 6 போய்விட்டது.

80, 90 வாங்குகிற பிள்ளைக்கு இந்த 6 ஒரு வருத்தம், அவ்வளவுதான். 30-க்கும் 36-க்கும் நடுவில் நிற்கிற பிள்ளைக்கு அதே 6 மதிப்பெண்தான் அடுத்த வருடம் பிளஸ் ஒன்னா, ஐ.டி.ஐ-யா, பாலிடெக்னிக்கா, அல்லது மறுபடியும் துணைத் தேர்வா என்பதை முடிவு செய்கிறது.

முதலில் செலவு, பிறகு பங்கு

காசிமேட்டில் விசைப்படகு கரை சேர்ந்து மீன் ஏலம் போனதும் கையில் வரும் பணத்தை அப்படியே ஆளுக்கு ஆள் பிரித்துவிட மாட்டார்கள். டீசல், ஐஸ் என்று செலவுகளை முதலில் எடுத்துவைப்பார்கள். மீதியைத்தான் பங்கு போடுவார்கள். தேர்வு நேரத்தையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். சரிபார்ப்பதற்கான நேரத்தை முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மீதியைக் கேள்விகளுக்குப் பங்கு போட வேண்டும்.

180 நிமிடத்தை 100 மதிப்பெண்ணால் வகுத்தால், ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். ஆனால், எல்லா மதிப்பெண்ணும் ஒரே நேரத்தைக் கேட்பதில்லை. ஒரு மார்க் கேள்விக்குப் பதில் தெரிந்தால் அரை நிமிடத்தில் முடியும். அங்கே மிச்சமாகும் நேரம்தான் சரிபார்க்கக் கிடைக்கும் நேரம். கணக்கு இப்படி வரும்:

• பகுதி 1: 12 நிமிடம்

• பகுதி 2: பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றும் 3 நிமிடம். 30 நிமிடம்

• பகுதி 3: பத்துக் கேள்விகள், சராசரியாக 9 நிமிடம். 90 நிமிடம்

• பகுதி 4: இரண்டு கேள்விகள், ஒவ்வொன்றும் 15 நிமிடம். 30 நிமிடம்

கூட்டினால் 162 நிமிடம். சரிபார்க்க 18 நிமிடம் மீதி.

9 நிமிடத்தில் ஒரு பத்தி எழுத முடியுமா? நிமிடத்துக்கு 15 வார்த்தை எழுதுகிற பிள்ளைக்கு 120 வார்த்தைப் பத்தி எழுத 8 நிமிடம் போதும். யோசிக்க 1 நிமிடம். நிமிடத்துக்கு 10 வார்த்தைதான் எழுத வருகிறது என்றால் அதே பத்திக்கு 12 நிமிடம் ஆகும். அந்தப் பிள்ளை பத்தியின் நீளத்தைக் குறைத்து, கேள்வி கேட்ட முக்கியமான விஷயங்களை மட்டும் எழுதப் பழக வேண்டும். தன் வேகம் என்ன என்று தெரியாமல் திட்டம் போட முடியாது. அதை வீட்டிலேயே 5 நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பாடப்புத்தகத்தின் ஏதாவது ஒரு பத்தியைப் பார்த்து 5 நிமிடம் எழுதச் சொல்லி, வார்த்தைகளை எண்ணி, 5-ஆல் வகுத்தால் வேகம் தெரியும். மனதிலிருந்து எழுதும்போது அதைவிடச் சற்றுக் குறையும்.

எதை முதலில் எழுதுவது?

துறைமுகத்தில் கன்டெய்னர் கப்பலில் எந்தப் பெட்டியை எங்கே ஏற்றுவது என்ற வரைபடம், ஏற்றும் வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே தயாராகிவிடும். முதலில் வரும் துறைமுகத்தில் இறக்க வேண்டிய பெட்டி அடியில் மாட்டிக்கொண்டால், மேலே உள்ளவற்றையெல்லாம் இறக்கி ஏற்ற வேண்டிவரும். கேள்விகளின் வரிசையும் அதுபோலத்தான். அறைக்குள் போய் முடிவு செய்தால் குழப்பம். வீட்டிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது நேர் வழி. 1-வது கேள்வியிலிருந்து 47-வது கேள்வி வரை தாளில் உள்ள வரிசையிலேயே எழுதுவது. கேள்வி எண் மாறிப்போகாது, எதையும் தவறவிட வாய்ப்பில்லை. எழுதும் வேகம் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு இதுவே போதும். ஆனால், ஒரு கட்டுப்பாடு வேண்டும். 12.27-க்குப் பகுதி 3 முடியாவிட்டாலும் பேனாவை நகர்த்திப் பகுதி 4-க்குப் போய்விட வேண்டும்.

இரண்டாவது பிரித்து எழுதும் வழி. மெதுவாக எழுதும் பிள்ளைக்கும், கடைசியில் பதற்றப்படும் பிள்ளைக்கும் இது உதவும். எழுதும் நேரம் 10.15-க்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால் கடிகாரம் இப்படி நகரும்:

• 10.15 - 10.27: பகுதி 1

• 10.27 - 10.33: மனப்பாடச் செய்யுள். காலையில் சொல்லிப் பார்த்தது மறப்பதற்குள் இறக்கிவைத்துவிடலாம்.

• 10.33 - 11.03: பகுதி 2 முழுவதும், ரோடு மேப்போடு சேர்த்து

• 11.03 - 11.38: எழுத்துத்திறன் கேள்விகள் 4

• 11.38 - 12.08: பகுதி 4-ன் இரண்டு கேள்விகள்

• 12.08 - 12.54: மீதமுள்ள உரைநடைப் பத்திகள் 2, செய்யுள் 2, துணைப்பாடம் 1

• 12.54 - 1.15: சரிபார்க்க 21 நிமிடம்

பகுதி 4-ஐ முன்னால் கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. 47-வது கேள்வியில் கொடுத்திருக்கும் பகுதியை நிதானமாகப் படித்தால்தான் பதில் கண்ணில் படும். கடைசி 10 நிமிடப் பதற்றத்தில் படித்தால் எழுத்து ஓடும், அர்த்தம் ஏறாது. பத்திகள் அப்படியல்ல. நேரம் குறைந்துபோனால் பத்து வரியை ஆறு வரியாகச் சுருக்கிவிடலாம். எழுதியதற்கு மதிப்பெண் கிடைக்கும். சுருக்க முடிந்ததைக் கடைசியிலும், சுருக்க முடியாததை முன்னாலும் வைப்பதுதான் இந்த வரிசையின் அடிப்படை.

பிரித்து எழுதுகிறவர்கள் இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. கேள்வித்தாளில் உள்ள எண்ணையே விடைத்தாளில் போட வேண்டும். ஒரு பகுதியின் கேள்விகளை முடிந்தவரை ஒரே இடத்தில் சேர்த்து எழுத வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதினால், திருத்துபவரின் கண்ணுக்குத் தப்ப வாய்ப்புண்டு. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் வகுப்பு ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

35-ஐத் தொட நினைக்கும் பிள்ளைக்கு

‘எனக்கு இங்கிலீஷ் பாரா ஒண்ணும் மனப்பாடம் ஆகாது’ என்று சோர்ந்துபோகும் பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு. பாடத்தின் பெரிய பத்திகளை நெட்டுருப் போடாமலே எழுதக்கூடிய கேள்விகள் எவை?

ரோடு மேப் 2 மதிப்பெண். மனப்பாடச் செய்யுள் 5. சில வரிகளை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். துணைப்பாடத்தில் வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, அல்லது கொடுத்த பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது 5. எழுத்துத்திறன் கேள்விகள் நான்கும் சேர்ந்து 20. படித்துப் பதில் எழுதும் 47-வது கேள்வி 8. கூட்டினால் 40 மதிப்பெண்.

இதில் 28 வாங்கினாலே, ஒரு மார்க் கேள்விகளில் 7 வந்தால் 35 ஆகிவிடும். இலக்கணத்தின் 6 மதிப்பெண் இன்னும் கணக்கில் வரவில்லை. இப்படிப்பட்ட பிள்ளை தேர்வு அறையில் முதலில் எழுத வேண்டியவை இந்தக் கேள்விகள்தான். இவற்றை முடித்த பிறகு, மீதி நேரத்தில் உரைநடைப் பத்திகளை முயற்சி செய்யலாம்.

எழுத்துத்திறனில் ஆறில் நான்கு எழுத வேண்டும். கடிதத்துக்கு முகவரி, தேதி, விளிப்பு, முடிப்பு என்ற அமைப்பு உண்டு. விளம்பரத்துக்கும் நோட்டீஸுக்கும் கட்டம் கட்டி எழுதும் அமைப்பு உண்டு. அந்த அமைப்புக்கும் மதிப்பெண் உண்டு. படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதுவதும், ஐந்து வாக்கியங்களில் பிழை திருத்துவதும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் முடியும். எந்த நான்கு தனக்கு வேகமாக வருகிறது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆறையும் எழுதினால் கூடுதல் மதிப்பெண் கிடைக்காது, நேரம்தான் போகும்.

ரோடு மேப்புக்குப் பயிற்சி எடுக்க ஊரே இருக்கிறது. தேரடி மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கியவருக்குத் திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்கு வழி சொல்வது எப்படி? ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு எப்படிப் போவது? நேராகப் போ, இடதுபக்கம் திரும்பு, வலதுபக்கம் திரும்பு, எதிரில் இருக்கிறது என்ற நான்கைந்து வாக்கியங்களை இங்கிலீஷில் சொல்லத் தெரிந்தால் 2 மதிப்பெண் உறுதி.

அந்த முதல் 10 நிமிடம்

காலை 10 மணிக்குக் கேள்வித்தாள் கையில் வரும். 10 நிமிடம் அதைப் படிக்க, அடுத்த 5 நிமிடம் விடைத்தாளில் விவரங்களைச் சரிபார்க்க, 10.15-லிருந்து 1.15 வரை எழுத என்பதுதான் பொதுத் தேர்வின் வழக்கம். அந்த 10 நிமிடத்தில் எழுத முடியாது என்பதால் பலர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அது வீணாகும் நேரம்.

முதல் 2 நிமிடம், எல்லாப் பக்கங்களையும் புரட்டி அச்சு சரியாக இருக்கிறதா, கேள்விகள் 47 வரை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்த 5 நிமிடம், ‘நான்கில் இரண்டு’, ‘ஆறில் நான்கு’ என்று வரும் இடங்களில் எதை எழுதுவது என்று மனதுக்குள் முடிவு செய்ய வேண்டும். கடைசி 3 நிமிடம், 47-வது கேள்வியின் பகுதியை ஒருமுறை வாசித்துவிட வேண்டும். பிறகு அந்தக் கேள்விக்கு வரும்போது அது இரண்டாவது வாசிப்பாக இருக்கும். பதில் சீக்கிரம் அகப்படும்.

ஒரு லாரி நின்றால் எல்லா லாரியும் நிற்கும்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் இருக்க முடியாது. முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றால் பின்னால் உள்ள அத்தனையும் நிற்கும். அதை ஓரம்கட்டினால்தான் வரிசை நகரும்.

தேர்விலும் ஒரு கேள்வி அப்படி மறித்துக்கொண்டு நிற்கும். எதிர்ச்சொல் ஞாபகம் வராது. நாக்கின் நுனியில் இருக்கும். அதற்காக 4 நிமிடம் உட்கார்ந்தால், இழப்பது 1 மதிப்பெண் அல்ல. ஒரு ரோடு மேப்பை முழுதாக எழுதும் நேரம். ஒரு மார்க் கேள்விக்கு 1 நிமிடம், 2 மார்க் கேள்விக்கு 4 நிமிடம், 5 மார்க் கேள்விக்கு 11 நிமிடம் என்று எல்லை வைத்துக்கொள்ளலாம். எல்லை தாண்டினால், எண்ணைப் போட்டு இடம் விட்டுவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும். சரிபார்க்கும் நேரத்தில் முதல் வேலை, இந்த இடங்களுக்குத் திரும்புவது. மறந்துபோனது பலசமயம் அதற்குள் தானாக ஞாபகம் வந்திருக்கும்.

ஒரு மார்க் கேள்விகளில் எந்த இடத்தையும் காலியாக விட்டுக் கொடுக்கக் கூடாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கம் இங்கே இல்லை. விடையின் குறியீட்டெழுத்தை மட்டும் எழுதாமல், அந்த எழுத்தையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது கேள்வித்தாளிலேயே இருக்கும் குறிப்பு.

கடைசி 5 நிமிடத்தில் ஒரு பத்தி பாக்கி இருந்தால்? அதன் நான்கு முக்கிய விஷயங்களை நான்கு சிறிய வாக்கியங்களாக எழுதிவிட வேண்டும். வெற்றுப் பக்கத்துக்கு யாரும் மதிப்பெண் போட முடியாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டும். இருப்பது ஒரே அறை. விடியற்காலை மூன்று மணிக்கு மீன் வாங்கப் போகும் அம்மாவுக்குக் கூடைக்கு ஒரு கை கொடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தின் பல வீடுகளில் 3 மணி நேரம் இடைவிடாமல் உட்கார்ந்து எழுத ஓர் இடம் கிடைப்பதே பெரிய விஷயம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், 3 மணி நேரம் மட்டும் அந்த இடத்தை ஏற்பாடு செய்துகொடுத்தால் போதும். பக்கத்து வீட்டு மாடி, உறவினர் வீடு, கிளை நூலகம், சனிக்கிழமை பள்ளி என்று எதுவாகவும் இருக்கலாம்.

முதல் ஞாயிறு: பழைய கேள்வித்தாள் ஒன்றை எந்தத் திட்டமும் இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பகுதி முடியும்போதும் ஓரத்தில் மணியை மட்டும் குறிக்கட்டும். நேரம் எங்கே ஒழுகுகிறது என்பது அந்த ஐந்தாறு எண்களிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது ஞாயிறு: நேர் வழியா, பிரித்து எழுதும் வழியா என்று முடிவு செய்து, நேரத்தை ஒரு சிறு தாளில் எழுதி எதிரே வைத்து எழுதட்டும். வீட்டில் ஒருவர் பகுதி முடிய வேண்டிய நேரத்தில் ‘மணியாச்சு’ என்று சொன்னால் போதும்.

மூன்றாவது ஞாயிறு: தாளும் எதிரே வேண்டாம், யாரும் சொல்லவும் வேண்டாம். தேர்வைப் போலவே காலை 10 மணிக்கு உட்கார்ந்து, 1.15 வரை எழுந்திருக்காமல் எழுதட்டும். மொபைல் வேறு அறையில் இருக்கட்டும்.

எழுதியதைத் திருத்தும் வேலை ஆசிரியருடையது. வீட்டில் பார்க்க வேண்டியது மூன்றே மூன்று. எத்தனை கேள்வி விட்டுப்போயிருக்கிறது? எந்தப் பகுதியில் நேரம் மீறியது? கடைசியில் எத்தனை நிமிடம் மிச்சம்? இந்த மூன்றுக்கும் பதில் கண்டுபிடிக்க ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டாம்.

டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு, பார்வைக் குறைபாடு, கை அசைவில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதித் தரும் ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுத் துறை தருகிறது. மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் கேட்டால் நேரம் கடந்திருக்கும். ‘எழுத ரொம்ப மெதுவாத்தான் வருது’ என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால், சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டும் முன் டாக்டரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

தேர்வு நாள் காலை

தேர்வு மையம் வேறு பள்ளி என்றால், ஒருநாள் முன்பே அதே நேரத்தில் போய்ப் பார்த்துவிட வேண்டும். லாரி நெரிசலும், ரயில்வே கேட்டும் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்பது அப்போது தெரியும். எண்ணூர், கத்திவாக்கத்திலிருந்து வருபவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி தடத்து மின்சார ரயிலும், விம்கோ நகரிலிருந்து வருபவர்களுக்கு மெட்ரோவும் சாலையை நம்பாமல் வர வழி. 9.30-க்கு மைய வாசலில் இருப்பதுபோலக் கிளம்பினால் பதற்றமில்லை. ஒரே வகைப் பேனா இரண்டு, தண்ணீர் பாட்டில், ஹால் டிக்கெட் போதும். ஸ்மார்ட் வாட்சுக்கு அனுமதி இல்லை. சாதாரணக் கைக்கடிகாரம் கட்டலாமா என்று பள்ளியில் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்போடு முடியாத பழக்கம்

பிளஸ் டூ இங்கிலீஷ் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு, அதே 3 மணி நேரம். மதிப்பெண்ணுக்குச் சரியாக 2 நிமிடம். ஒரு மார்க் 20, இரண்டு மார்க் 7, மூன்று மார்க் 7, ஐந்து மார்க் 7 என்று அமைப்பு மட்டும் வேறு. பங்கு போடும் முறை அதேதான்.

பிறகு நர்ஸிங் முடித்து வெளிநாடு போக நினைக்கும் பிள்ளையும், மேல்படிப்புக்கு லண்டன் போக நினைக்கும் பிள்ளையும் ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வு எழுதுவார்கள். அதன் எழுத்துப் பகுதி 60 நிமிடம், இரண்டே கேள்விகள். முதல் கேள்விக்குக் குறைந்தது 150 வார்த்தை, 20 நிமிடம். இரண்டாவதற்குக் குறைந்தது 250 வார்த்தை, 40 நிமிடம் என்று கேள்வித்தாளே நேரத்தைப் பங்கு போட்டுச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கு மதிப்பு இரட்டிப்பு என்பதுதான் காரணம். நேரத்தை மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரி என்பதை உலகம் முழுக்க எழுதப்படும் ஒரு தேர்வு வெளிப்படையாகச் சொல்கிறது. நம் பத்தாம் வகுப்புத் தாள் அதைச் சொல்வதில்லை. பிள்ளையே செய்துகொள்ள வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு தாள் கைவிட்டுப்போனால், தேர்வு முடிவுக்குப் பிறகு சில வாரங்களில் துணைத் தேர்வு நடக்கும். அதில் தேறினால் அதே வருடம் மேலே படிக்கலாம்; ஒரு வருடம் வீணாகாது. அந்தச் சில வாரங்களில் புதிதாக எல்லாப் பாடத்தையும் படிக்கத் தேவையில்லை. மேலே சொன்ன 40 மதிப்பெண் கேள்விகளை எடுத்துவைத்து, கடிகாரத்தை எதிரே வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதிப் பார்த்தால் 35 எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.